மந்தை காக்கும் நாய்



நாய் என்ன வேலை செய்யும் என்று நம் தோட்டப் பிள்ளைகளைக் கேட்டால், "வேற்றாள் வந்தால் குரைக்கும், சார்" என்பார்கள். மந்தையை வளைத்து ஓட்டிவரும் பிரிட்டிஷ் நாயை அவர்கள் படத்தில்தான் கண்டிருக்கிறார்கள். கிறிஸ்தவப் பெரியோர் தம் அருட்பணிக்கு முதலில் உவமையாகக் கொண்டதும் இந்தக் குரைக்கும் நாயையே. பாலஸ்தீன நாட்டில் மேய்ப்பன் முன்னே நடப்பான். ஆடுகள் அவன் குரலைக் கேட்டுப் பின்தொடரும். அங்கே ஆட்டை ஓட்ட நாய் வேண்டியதில்லை. ஓநாய் வருகிறதென்று அறிவிக்கத்தான் வேண்டும்.

ஆகவேதான் ஏசாயா தீர்க்கதரிசி, கடமை தவறிய காவலரைக் குரைக்க மாட்டாத நாய்கள் என்று சாடினார். 590இல் போப்பாண்டவரான முதலாம் கிரகோரி, மேய்ப்புப் பணியைப் பற்றி எழுதிய நூலில் அதே சாடலை ஆயர்கள் முன் வைத்தார். மக்களின் தயவை இழந்துவிடுவோமே என்று அஞ்சி வாய்மூடி இருப்பவர் மேய்ப்பர் அல்லர் என்பது அவர் கருத்து. ஆயர் என்றாலே இடையர்தானே!

இவ்வுவமையோடு பெரிதும் இணைந்த பெயர் ஸ்பெயின் நாட்டுத் தோமினிக். தமிழ்க் கத்தோலிக்கர் இவரைச் சாமிநாதர் என்பர். இவரைக் கருவுற்றிருந்த தாய், வாயில் தீப்பந்தம் கவ்விய நாயைக் கனவில் கண்டாராம். தென் பிரான்சில் திருச்சபைக்கு மாறுபட்ட கத்தாரிகளிடையே இவர் ஏழைக் கோலத்தில் நடந்தே சென்று வாதிட்டார். 1216இல் இவருடைய துறவுச் சபை அங்கீகாரம் பெற்றது. அச்சபையாரின் இலத்தீன் பெயரைப் பிரித்துப் படித்தால் 'ஆண்டவரின் நாய்கள்' என்று சிலேடை வரும். குரைப்பு என்றது பிரசங்கத்தை.

தோமினிக் 1221இல் மறைந்தார். 1230களில் போப்பாண்டவர் ஒன்பதாம் கிரகோரி, மாற்றுக் கொள்கையினரைத் தேடி விசாரிக்கும் பொறுப்பைப் பெரும்பாலும் இச்சபையாரிடமே ஒப்படைத்தார். கொள்கையைக் கைவிட மறுத்தவர்கள் அரசு அதிகாரிகளிடம் ஒப்புவிக்கப்பட்டனர். பலர் தீயில் மாண்டனர். குரைத்த நாய் கடிக்கவும் தொடங்கிவிட்டது.

இதை அச்சபையார் மறைக்கவில்லை, சுவரிலேயே வரையச் செய்தார்கள். இத்தாலியின் புளோரன்ஸ் நகரில், சாந்தா மரியா நொவெல்லா மடத்துச் சிற்றாலயத்தில், அந்திரேயா தி பொனாயுத்தோ 1365 முதல் 1367 வரை தீட்டிய ஓவியம் அது. போப்பாண்டவரின் காலடியில் ஆடுகள். அவற்றுக்குக் காவலாகக் கறுப்பும் வெள்ளையுமான நாய்கள். சபையார் அணியும் வெள்ளை அங்கியும் கறுப்பு மேலங்கியும் அதே நிறந்தான். வலப்புறத்தில் அந்நாய்கள் ஓநாய்கள்மேல் பாய்ந்து குதறுகின்றன. தோமினிக் அவற்றை ஏவுகிறார். பக்கத்திலேயே துறவிகள் மாற்றுக் கொள்கையினரோடு வாதிடுகிறார்கள். ஒருவன் மனம் மாறித் தன் நூலைக் கிழிக்கிறான்.

அந்த இடத்தில் நமக்கு மனம் நெருடுகிறது. வாதத்தில் நிற்பவனுக்கு மனித முகம் இருக்கிறது. குதறப்படும் ஓநாயும் அவன் கூட்டத்தவன்தான். ஒரு காலத்தில் அதே மந்தையில் மேய்ந்த ஆடு.