தாயின் குருதியும் சேயின் குருதியும்

காயம் ஏதுமின்றியே தோலில் செந்நிறப் புள்ளிகள் தோன்றும். மூக்கிலும் முரசிலும் குருதி கசியும். இத்தகைய நோயொன்றைத் தனியாக வகுத்து 1735 ஆம் ஆண்டில் எழுதிவைத்தவர், ஜேர்மனியின் ஹனோவர் நகர வைத்தியர் வேர்ள்ஹொவ் ஆவார். அவர் பெயராலேயே அந்நோய் நெடுங்காலம் வழங்கிற்று. அதன் காரணம் மட்டும் விளங்கவில்லை.

ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு கழிந்தபின், 1882 இல், இத்தாலியரான பிசொசேரோ குருதியிலுள்ள சிறுதட்டுக்களின் தொழிலை விளக்கினார். குருதிக்குழாய் பழுதுறும் இடத்தில் அவை ஒன்றுகூடி அடைப்பாகின்றன. ஒரு கன மில்லிமீற்றர் குருதியில் 150,000 முதல் 450,000 வரை இருக்கவேண்டிய அவை குறைவதே வேர்ள்ஹொவ் கண்ட நோய் என்பது பின்னர் தெளிவாயிற்று.

1916 இல் பிராக் நகரின் மருத்துவ மாணவர் கஸ்நெல்சன், தட்டுக்களை அழிப்பது மண்ணீரலே எனக் கருதினார். அவர் தூண்டுதலால் நோயுற்ற பெண்ணொருத்தியின் மண்ணீரல் அகற்றப்பட்டது, தட்டுக்கள் பெருகின.

ஆயினும் மகப்பேற்றிலே ஒரு புதிர் எஞ்சியது. இந்நோயுற்ற தாயர் சிலரின் குழந்தைகளும் தட்டுக் குறைவுடன் பிறந்தன. சில கிழமைகளிலோ மாதங்களிலோ தாமாகவே தேறின. மண்ணீரலை நீக்கி நலம்பெற்ற தாயருக்கும் இவ்வாறு நேர்ந்ததுண்டு. குழந்தைக்கே உரிய நோயாயின் அது விரைவில் நீங்குமோ? தாயின் குருதியிலிருந்து ஏதோ ஒன்று சேயை அடைந்து, பின் தேய்ந்து மறைகின்றது என்றே கொள்ளவேண்டியிருந்தது.

அந்த ஊகத்தைத் தம் உடலிலேயே சோதித்தவர் அமெரிக்காவின் சென் லூயிஸ் நகர இளம் வைத்தியர் ஹரிங்டன். 1950 இல் நோயாளி ஒருவரின் குருதியைத் தமக்குள் ஏற்றிக்கொண்டார். சில மணி நேரத்தில் அவரது தட்டுக்கள் அடியோடு வீழ்ந்தன, வலிப்பும் கண்டது. சில நாட்களின் பின் அவர் தேறினார். குற்றவாளி நோயாளியின் குருதியிலேயே உள்ளது என்பது உறுதியாயிற்று. அது பிறபொருளெதிரி எனப் பின்னர் அறியப்பட்டது. கிருமிகளை எதிர்க்கவேண்டிய அது, சொந்தத் தட்டுக்களையே பகையெனக் கொள்கின்றது. சூல்வித்தகத்தைக் கடந்து சேயையும் அடைகின்றது.

இவ்வறிவு சிகிச்சையை மாற்றிற்று. ஸ்டீரொயிட்டு மருந்துகள் வந்தன. 1981 இல் சுவிற்சர்லாந்து வைத்தியர் இம்பாக், பலர் கொடுத்த குருதியினின்றும் பிரித்தெடுத்த புரதத்தை நாளத்தில் ஏற்றித் தட்டுக்களை உயர்த்திக் காட்டினார். இன்று கருவுற்ற தாயருக்கு முதலில் வழங்கப்படுபவை இவ்விரண்டுமே.

சேயின் மூளையில் குருதி கசியுமென அஞ்சி, ஒரு காலத்தில் இத்தாயருக்கெல்லாம் வயிற்றைக் கீறியே பிள்ளை எடுத்தனர். அவ்வாபத்து மிக அரிதென்பதும், சத்திரசிகிச்சை அதனைக் குறைக்கவில்லை என்பதும் பின்னர் புலனாயின. ஆகவே வேறு காரணம் இல்லையாயின் இயற்கைப் பேறே இன்று விரும்பப்படுகின்றது. பேற்று வேளையில் தாயின் தட்டுக்கள் 50,000 க்கு மேல் இருத்தல் போதுமென்பர். தாயின் எண்ணிக்கை சேயின் எண்ணிக்கையைக் காட்டாது. பிறந்த பின் சில நாட்களில் அது மேலும் இறங்கக் கூடும். ஆதலால் அந்நாட்களில் குழந்தையின் குருதியைச் சோதித்து வருதல் இன்றியமையாதது.

புதிராய்த் தோன்றிய குழந்தைகளே நோயின் மூலத்தைக் காட்டிக் கொடுத்தன. அவ்வாறு பெற்ற அறிவு இன்று அவர்களையே காக்கின்றது.