நீர் வடிக்கும் சவ்வும் நுண்ணுயிர்ப் படலமும்

பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்த் தாய்மார்கள் தண்ணீர்த் தொட்டியின் உட்சுவரைத் தேங்காய் நாரினால் தேய்த்துக் கழுவுவர். சில நாள் கழுவாது விட்டால் சுவரில் வழுக்கும் படலமொன்று படிந்துவிடும். சொரசொரப்பான இடத்தில் அது விடாப்பிடியாக ஒட்டிக்கொள்ளும். நுண்ணுயிர்கள் தம்மைச் சுற்றித் தாமே சுரந்துகொள்ளும் பசையே அப்படலம். நீரைத் தூய்மையாக்கும் கலையின் வரலாறு, இப்படலத்தோடு மனிதன் கொண்ட உறவின் வரலாறே எனலாம்.

தொடக்கத்தில் அது நண்பனாகவே விளங்கியது. 1829இல் ஜேம்ஸ் சிம்சன் இலண்டனில் பெரிய மணல் வடிகட்டியை அமைத்தார். மணலின் மேற்பரப்பில் வளரும் உயிர்ப்படலமே கிருமிகளைத் தடுக்கிறது என்பது பின்னரே புலனாயிற்று. 1892இல் எல்பு ஆற்று நீரை வடிகட்டாமல் பருகிய ஹாம்பர்க் நகரில் வாந்திபேதியால் 8,600 பேர் வரை மாண்டனர். அதே ஆற்று நீரை மணலில் வடித்துப் பருகிய அண்டை நகரமாகிய அல்தோனா பெரும்பாலும் தப்பியது.

உப்பையும் பிரித்தெடுக்க மனிதன் முற்பட்டபோது அந்நண்பன் பகைவனானான். 1960ஆம் ஆண்டளவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப் என்பாரும், இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜன் என்பாரும் செல்லுலோஸ் அசிட்டேட் சவ்வொன்றை உருவாக்கினர். அழுத்தம் கொடுத்தால் அது நீரை விட்டு உப்பைத் தடுக்கும். 1965இல் கோலிங்கா என்னும் அமெரிக்கச் சிற்றூர் இம்முறையால் குடிநீர் பெற்றது. ஆயினும் சவ்வின்மேல் பசை படிந்தால் நீர்வரத்துக் குறையும். அழுத்தமும் மின்செலவும் ஏறும்.

இங்கேதான் மேற்பரப்பின் இயல்பு முதன்மை பெறுகிறது. முதற்சவ்வு வழவழப்பானது; சிறிதளவு குளோரினையும் தாங்குவது. 1970களில் ஜான் கடாட் கண்ட பாலிஅமைடுச் சவ்வு நீரை மிகுதியாகத் தந்தது. உப்பையும் நன்கு தடுத்தது. ஆனால் அதன் பரப்பு மேடுபள்ளமானது. பள்ளங்களில் கிருமிகள் ஒதுங்கிக்கொள்ளும். கிருமியைக் கொல்லும் குளோரின் பட்டாலோ சவ்வே சிதையும். நீரோடு ஒட்டி உறவாடும் பரப்பில் அழுக்கு எளிதில் பற்றுவதில்லை என அறிந்த ஆய்வாளர்கள், அத்தகைய பூச்சுகளைச் சவ்வின்மீது இட்டனர். அவை படலத்தைத் தாமதப்படுத்தினவேயன்றி அறவே ஒழிக்கவில்லை.

சென்னை மக்களுக்கு இஃது ஏட்டுச் செய்தியன்று. 2010இல் மீஞ்சூரிலும் 2013இல் நெம்மேலியிலும், கடல்நீரிலிருந்து நாளொன்றுக்குத் தலா 10 கோடி லிட்டர் குடிநீர் தரும் நிலையங்கள் எழுந்தன. அத்தகைய நிலையங்களில் கடல்நீர் முதலில் வடிகட்டப்படுகிறது. சவ்வுகளும் அவ்வப்போது கழுவப்படுகின்றன.

தோட்டத்துத் தாயின் கையிலிருந்த தேங்காய் நார் வடிவம் மாறியதேயன்றி, அவள் செய்த வேலை இன்னும் ஓயவில்லை.