கொழும்பின் வான்விளிம்பும் கடல்முகமும்: கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கொழும்புக் கோட்டையில் சதாம் வீதிச் சந்தியில் நிற்கும் மணிக்கூட்டுக் கோபுரம் ஒரு காலத்தில் வெளிச்சவீடாகவும் விளங்கியது என்பதை இன்று அவ்வழியே செல்வோருட் பலர் அறியார். தேசாதிபதி சேர் ஹென்றி வார்டின் ஆட்சிக்காலத்தில், அவர்தம் மனைவியாரின் வரைபடத்தைத் தழுவி 1857இல் எழுந்த இக்கோபுரம் 29 மீற்றர் உயரமுடையது. 1867இல் இதன் உச்சியில் விளக்கேற்றப்பட்டது. 1952இல் அவ்விளக்கு அணைக்கப்பட்டது. கோபுரம் பழுதுற்றமையன்று இதற்குக் காரணம். சுற்றிலும் எழுந்த வர்த்தகக் கட்டடங்கள் ஒளியைக் கடலினின்றும் மறைத்துவிட்டமையே காரணமாகும். கப்பல்களுக்கு வழிகாட்ட நிறுவப்பட்ட ஒளியை, அக்கப்பல்கள் கொணர்ந்த செல்வமே மறைத்துவிட்டது எனலாம்.

ஒரு நகரின் வான்விளிம்பு தானாக உயர்வதில்லை. நிலம் யாரிடம் இருக்கின்றது, அந்நிலத்தின் மீது எழுப்பப்படுவதை எவர் வாங்கலாம், எவர் அச்சமின்றி அங்கு வாழலாம் என்னும் வினாக்களுக்கு ஒவ்வொரு காலமும் அளித்த விடைகளே கல்லிலும் சீமெந்திலும் எஞ்சி நிற்கின்றன. கொழும்புத் தமிழரின் வரலாற்றோடு நெருங்கிய தொடர்புடைய இரு பகுதிகளை, வடக்கே துறைமுகத்தை அடுத்த கொட்டாஞ்சேனையையும் தெற்கே திறந்த கடலை நோக்கிய வெள்ளவத்தையையும், ஒருங்கே வைத்து நோக்குமிடத்து இவ்வுண்மை தெளிவாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை கடலிலிருந்து கொழும்பை நோக்குவார்க்கு முதலிற் புலப்பட்டவை கோட்டை மதில்களும் வழிபாட்டிடங்களுமே. ஒல்லாந்தர் 1749இல் அடிக்கல் நாட்டி 1757இல் நிறைவுசெய்த வுல்வெண்டால் தேவாலயம் மேட்டு நிலத்தில் அமைந்தமையால் தொலைவிலிருந்தே தெரிந்தது. அதனையடுத்துக் கொட்டாஞ்சேனையில் புனித லூசியாள் பேராலயத்தின் குவிமாடம் எழுந்தது. 1850களின் பிற்பகுதியில் பொன்னம்பல முதலியார் நிறுவிய பொன்னம்பலவாணேஸ்வரர் ஆலயத்தை, அவர் மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரையான காலத்திற் கருங்கற்றளியாக மாற்றியமைத்தார். மரமும் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டுவதே பெருவழக்காயிருந்த ஒரு நகரில் கருங்கல்லைத் தேர்ந்தமை வெறும் பக்திச் செயலன்று. இங்கு நிலைத்து வாழ வந்தோம் என்று ஒரு சமூகம் விடுத்த பிரகடனமாகவும் அதனைக் கொள்ளலாம்.

கொட்டாஞ்சேனையின் விதியை நிருணயித்தது துறைமுகமாகும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களிற் கொழும்பிற் கப்பல் நிறுத்துவது அபாயமானது. ஆதலால், தபாற் கப்பல்கள் காலித் துறையையே நாடின. 1867இல் கண்டிக்குப் புகையிரதப் பாதை முற்றுப்பெற்றுக் கோப்பி கொழும்பிற் குவியத் தொடங்கியதும், 1869இல் சுயஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் நிலைமையை மாற்றின. கோட்டை மதில்கள் 1869 முதல் இடிக்கப்பட்டன. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் தென்மேற்கு அலைதடுப்பு அணைக்கு அடிக்கல் நாட்டினார். பொறியியலாளர் சேர் ஜோன் கூட் திட்டமிட்ட அவ்வணை 1880களின் நடுப்பகுதியில் நிறைவெய்தியபோது கொழும்பு ஆசியாவின் முதன்மையான துறைமுகங்களுள் ஒன்றாயிற்று. காலி பின்தங்கியது.

அணை கட்டப்பட்டதும் கொட்டாஞ்சேனை கடலை இழந்தது. முன்னர் முகத்துவாரத்திலும் கொட்டாஞ்சேனையிலும் கடற்காற்றை நாடி மாளிகை அமைத்து வாழ்ந்த செல்வர்கள், நிலக்கரித் தூசும் பண்டகசாலைகளின் இரைச்சலும் பெருகவே, கறுவாத்தோட்டத்திற்கும் கொள்ளுப்பிட்டிக்கும் இடம்பெயர்ந்தனர். அவர்கள் விட்டுச்சென்ற வளவுகள் கூறுபோடப்பட்டுத் தோட்டக் குடியிருப்புகளாயின. தமிழகத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்த துறைமுகத் தொழிலாளரும் சிறு வணிகரும் ஜிந்துப்பிட்டி முதலான இடங்களில் நெருங்கி வாழ்ந்தனர். கடல் அரைக் கல் தொலைவில் இருந்தும் சுங்க மதிலுக்கு அப்பாற் போயிற்று. அது தொழிலிடமாயிற்றேயன்றிக் காட்சியாக இருக்கவில்லை.

வெள்ளவத்தையின் கதை வேறு. கோட்டையிலிருந்து கரையோரமாக இடப்பட்ட புகையிரதப் பாதை 1870களின் பிற்பகுதியில் மொறட்டுவையையும் 1894இல் காலியையும் அடைந்தது. காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகள் யாவும் இப்பாதையில் வந்து முடிந்தன. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எழுதுவினைஞரும் ஆசிரியரும் சட்டத்தரணிகளும் இங்கு குடியேறியதற்குக் கடலைவிடக் கோட்டை அலுவலகங்களுக்குச் செல்லும் புகையிரதமே பெரிதும் காரணமாயிற்று. ‘சின்ன யாழ்ப்பாணம்’ என்ற பெயர் பிற்காலத்தில் இதற்கு வழங்கலாயிற்று. எனினும், வெள்ளவத்தை உத்தியோகத்தரின் ஊராக மட்டும் இருந்ததில்லை. அங்கிருந்த நூற்பு நெசவு ஆலையில் 1933இல் நிகழ்ந்த வேலைநிறுத்தம் இலங்கைத் தொழிற்சங்க வரலாற்றில் ஒரு திருப்பமாகும். கொல்வின் ஆர். டி சில்வா முதலானோர் அதிற் பெற்ற அனுபவம், 1935இல் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றுவதற்கு வழிவகுத்தவற்றுள் ஒன்று. அவ்வாலை நின்ற நிலத்தில் இன்று உயர்மாடி வீடுகள் எழுந்துள்ளன. வேலைநிறுத்தத்தை நினைவூட்டும் அடையாளத்தை அங்கு தேடுவார் ஏமாற்றமடைவர்.

1973இல் இரு சட்டங்கள் நிறைவேறின. வீட்டாதன உச்சவரம்புச் சட்டம் ஒரு குடும்பம் வைத்திருக்கத்தக்க வீடுகளின் தொகையை வரையறுத்தது. மாடிமனை உடைமைச் சட்டம் ஒரு கட்டடத்தின் தனியொரு பகுதிக்குத் தனியுறுதி எழுத இடமளித்தது. முன்னையது பேசப்பட்ட அளவுக்குப் பின்னையது பேசப்படுவதில்லை. ஆயினும் வெள்ளவத்தையின் இன்றைய தோற்றத்தை அச்சட்டமின்றி விளக்க முடியாது. நிலத்தில் பங்கின்றி வானில் வீடு வாங்க இயலாதிருந்த நிலை அதனால் நீங்கியது. 1977இல் வந்த திறந்த பொருளாதாரக் கொள்கையும் 1978இல் நிறுவப்பட்ட நகர அபிவிருத்தி அதிகார சபையும் இதற்கு மேலும் வழிதிறந்தன.

எனினும் சட்டமும் மூலதனமும் மட்டும் வெள்ளவத்தையை உயர்த்தவில்லை. 1983 யூலை 25இல் காலி வீதியிலிருந்த தமிழர் கடைகளும் ஒழுங்கைகளிலிருந்த வீடுகளும் எரிக்கப்பட்டன. பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரியிலும் பிறவிடங்களிலும் அகதிகளாய்த் தங்கியோர் பலர் கப்பலேறிக் காங்கேசன்துறை சென்றனர். கொழும்புத் துறைமுகம் அந்நாட்களில் ஏற்றிய சரக்கு மனிதரே. பலர் திரும்பி வரவில்லை. கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் சென்றனர்.

அவ்வாறு வெறுமையுற்ற வெள்ளவத்தை அழிந்துபோயிருக்க வேண்டும். மாறாக அது வளர்ந்தது! 1990இன் பின் வடக்கில் யுத்தம் கடுமையாகவும், 1995இல் யாழ்ப்பாணத்தினின்று பெரும் இடப்பெயர்வு நிகழவும், கடவுச்சீட்டுக்கும் விசாவுக்கும் மருத்துவத்துக்கும் கொழும்பு வருவோர் தொகை பெருகியது. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் விடுதிகள் நிறைந்தன. வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பிய பணம் பெற்றோருக்கு ஒரு மாடிவீடாயிற்று. பழைய வளவின் சொந்தக்காரர் நிலத்தை ஒப்பந்தகாரரிடம் ஒப்படைத்து, பதிலாக இரண்டொரு வீடுகளைப் பெற்றுக்கொள்ளும் முறையும் பரவியது. தனிவீட்டைக் காட்டிலும் ஒரே வாயிற்கதவும் காவலாளியும் அறிந்த அயலாரும் உடைய மாடி, 1983ஐக் கண்டவர்க்குப் பாதுகாப்பாகத் தோன்றியிருக்கும் எனக் கருத இடமுண்டு. உயர்ந்த கட்டடங்கள் செல்வச் செருக்கின் சின்னங்கள் என்பது பொதுவான கருத்து. வெள்ளவத்தையின் மாடிகளுட் பலவோ அச்சத்தினதும் பிரிவினதும் விளைவுகளாகும்.

அப்பாதுகாப்பும் முழுமையானதன்று. 2007 யூன் 7ஆந் திகதி அதிகாலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை முதலிய இடங்களின் விடுதிகளிலிருந்து 376 தமிழர் பொலிசாரால் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியா முதலான இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் தடையுத்தரவு பிறப்பித்த பின்னரே இது நின்றது.

கோட்டைப் பகுதியின் வளர்ச்சி யாவரும் அறிந்தது. 1996இல் மத்திய வங்கியும், 1997இல் திறந்த சில நாட்களிலேயே உலக வர்த்தக மையமும் குண்டுத் தாக்குதலுக்கு உள்ளாயின. 2009இல் யுத்தம் முடிந்த பின், பூட்டப்பட்ட தெருக்கள் திறந்தன. காலிமுகத்திடலருகே விடுதிகள் எழுந்தன. 350 மீற்றரை எட்டும் தாமரைக் கோபுரம் 2022இல் மக்கள் பார்வைக்கு விடப்பட்டது. 2014இல் தொடங்கிய துறைமுக நகரத் திட்டம் கடலை நிரப்பி 269 ஹெக்டயர் நிலத்தை உண்டாக்கியது. 1952இல் பழைய விளக்குக்கு மாற்றாகக் கரையிற் கட்டப்பட்ட வெளிச்சவீட்டின் முன்னாலும் இப்போது நிலமே கிடக்கின்றது. வெள்ளவத்தையிலும் புகையிரதப் பாதையை ஒட்டி மரைன் டிரைவ் அமைந்ததும், முன்னர் ஒழுங்கைகளின் கடைக்கோடியாக இருந்தது முகப்பாயிற்று.

வடகொழும்பிலும் மாடிகள் எழுகின்றன. ஆயின் இவை வாங்கப்பட்டவையல்ல. 2010இன் பின் அரசு தோட்டக் குடியிருப்புகளை அகற்றி நிலத்தை வர்த்தகத்திற்கு விடுவிக்கும் நோக்குடன் மட்டக்குளி போன்ற இடங்களில் உயர்மாடிகளைக் கட்டி மக்களை அங்கு குடியமர்த்தியது. நான்கு தலைமுறையாக நிலத்தோடு ஒட்டி வாழ்ந்து, வாசலில் இடியப்பம் அவித்து விற்ற பெண்ணுக்குப் பத்தாம் மாடியில் வாசல் இல்லை. ஆனால், துறைமுகம் மறைத்த கடல், ஒன்றரை நூற்றாண்டின் பின், அவள் சன்னலிலிருந்து தெரிகின்றது.