பழைய வண்டியும் பத்திரமும்

போடிநாயக்கனூரில் எனக்கு ஒரு சிநேகிதர் உண்டு. ஏலக்காய் வியாபாரி. மாதிரிக் காயில் பத்துப் பன்னிரண்டை உள்ளங்கையில் போட்டுக்கொள்வார். நிறத்தைப் பார்ப்பார், விரலால் உருட்டிப் பருமனைப் பார்ப்பார், ஒன்றைப் பிளந்து விதை கறுத்திருக்கிறதா என்று பார்ப்பார், மூக்கருகே கொண்டு போவார். அரை நிமிஷத்தில் விலை சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட மனுஷர், மதுரையில் நான் வாங்கி வந்த பழைய காரை மூன்று முறை சுற்றி வந்துவிட்டு, "இதைப் பிளந்து பார்க்க முடியாதே சார், எந்த நம்பிக்கையில் வாங்கினீர்கள்?" என்று கேட்டார்.

நான் பெருமையோடு ஒரு பத்திரத்தை எடுத்து நீட்டினேன். காரின் விலைக்கு மேல் 12,000 ரூபாய் கொடுத்து வாங்கிய 'நீட்டித்த உத்தரவாதம்' அது. ஒரு வருஷத்துக்குள் வண்டி பழுதானால் பொறுப்பு எங்களுடையது என்று முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். சிநேகிதர் முதல் பக்கத்தைப் படிக்கவில்லை, பின்பக்கத்தைத் திருப்பினார். வியாபாரி அல்லவா!

அன்று பிற்பகலே போடிமெட்டுக்குப் புறப்பட்டோம். மொத்தம் 17 கொண்டை ஊசி வளைவுகள். பாதிக்கு மேல் ஏறியிருப்போம்; கருகல் வாசனை வந்தது. என்ஜின் உறுமிற்று; வண்டி மட்டும் நகரவில்லை. பத்திரத்திலிருந்த எண்ணுக்குப் பேசினேன். மறுமுனையில் இருந்த பெண் மிக மரியாதையாகவே பதில் சொன்னாள்: "கிளட்ச் தேய்மானப் பொருள், சார். அது உத்தரவாதத்தில் சேராது." பிரேக் கட்டையும், டயரும், ரப்பர் புஷ்களும்கூடச் சேராதாம். மலையில் ஓடும் வண்டியில் எவை எவை தேயுமோ, அவையெல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன.

சாலையோரத்துச் சுவரில் உட்கார்ந்திருந்தோம். ஏலத் தோட்டங்களில் வேலை முடிந்து ஜீப்புகள் இறங்கத் தொடங்கின. விடியுமுன்பே போடியிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் பெண்களை ஏற்றிக்கொண்டு மலையேறி, பொழுது சாயும்போது திரும்பும் ஜீப்புகள். அவற்றில் பல என் காரைவிட வயதில் மூத்தவை. இரண்டு கை, மூன்று கை மாறியவை. அவற்றுக்கெல்லாம் உத்தரவாதம் கொடுத்தது யார்? அன்று மாலை எனக்குள் எழுந்த இந்தக் கேள்விதான் என்னைப் பழைய கதைகளைப் புரட்ட வைத்தது.

இந்த மலைச் சரிவில் சரக்கு இறங்கிய சரித்திரமே வேடிக்கையானது. மூணாற்றுத் தேயிலை ஒரு காலத்தில் சிறு ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை வந்தது. அங்கிருந்து இரும்புக் கம்பியில் தொங்கிக் குரங்கணிப் பக்கம் இறங்கி, பிறகு மாட்டு வண்டியில் போடிக்கு வந்தது. 1908-ல் ஓடத் தொடங்கிய அந்தச் சிறு ரயிலை 1924-ஆம் வருஷத்து வெள்ளம் அடித்துக்கொண்டு போயிற்று. 1928-ல் மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது. மாட்டு வண்டிக்காரனை ஊருக்கெல்லாம் தெரியும். அச்சு முறிந்தால் மறுநாள் சந்தையில் அவன் முகத்தில்தானே விழிக்க வேண்டும்?

மோட்டார் வந்த பிறகும் கொஞ்ச காலம் அந்த வழக்கம் நீடித்தது. டி. வி. சுந்தரம் ஐயங்கார் 1911-ல் பஸ் தொழிலில் இறங்கினார். அவர் பஸ்ஸைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம் என்று மதுரைப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். மாட்டு லாடத்து ஆணிகள் டயரில் குத்தாமலிருக்க, காந்தம் கட்டிய வண்டியைச் சாலையில் ஓட்டி ஆணி பொறுக்க வைத்தாராம். பஸ் நின்றால் நஷ்டம் அவருக்கு. ஆகவே ஆணி பொறுக்கும் செலவும் அவருடையது. பிரயாணியிடம் இதற்கென்று தனிக் கட்டணம் வாங்கியதாக நான் கேள்விப்படவில்லை.

சட்டம் என்ன சொல்லிற்று? 1930-ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டம், பொருளின் தரத்தைப் பெரும்பாலும் வாங்குகிறவன் தலையிலேயே கட்டிவிட்டது. 'நிபந்தனை' என்றும் 'உத்தரவாதம்' என்றும் இரண்டைப் பிரித்தும் வைத்தது. நிபந்தனை மீறப்பட்டால் பொருளையே வேண்டாமென்று தள்ளலாம். உத்தரவாதம் மீறப்பட்டால் நஷ்ட ஈடு மட்டும் கேட்கலாம். அதாவது, சட்டத்தின் கண்ணில் உத்தரவாதம் இளைய பிள்ளை. நாம் அதை மூத்த பிள்ளை என்று நினைத்துக் காசு கொடுக்கிறோம்.

1947-ல் மஹீந்திரா கம்பெனியார் வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்டி விற்க ஆரம்பித்தார்கள். பிறகு அம்பாஸடர், ஃபியட் காலம். புதுக் காருக்குப் பெயரைப் பதிந்துவிட்டு வருஷக் கணக்கில் காத்திருந்த நாட்களில், பழைய காருக்கு உத்தரவாதம் கேட்க யாருக்குத் துணிச்சல் வரும்? கிடைத்ததே பாக்கியம் என்று ஓட்டி வந்தார்கள்.

அப்போது அமெரிக்காவில் கதை வேறு. அங்கே கார் ஏராளம், பத்திரமும் ஏராளம். 1955-ல் நியூஜெர்ஸியில் ஒருவர் மனைவிக்காகப் புதுக் கார் வாங்கினார். பத்தே நாளில், அந்த அம்மாள் ஓட்டிப் போகும்போது ஸ்டீயரிங் கைவிட்டுச் சுழன்று கார் சுவரில் மோதிற்று. பத்திரத்தின் பொடி எழுத்து, கெட்டுப்போன உறுப்பை மட்டும் மாற்றித் தருவோம் என்றது. ஹென்னிங்ஸன் வழக்கு என்று பெயர் பெற்ற அந்த வழக்கில், 1960-ல் மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் பொடி எழுத்தின் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது என்று தீர்ப்பளித்தது. 1963-ல் கிரைஸ்லர் கம்பெனி என்ஜின், கியர் முதலியவற்றுக்கு ஐந்து வருஷம் அல்லது 50,000 மைல் என்று உத்தரவாதம் தந்தது.

1970-ல் ஜார்ஜ் அகர்லாஃப் என்ற பொருளாதார நிபுணர் பழைய கார் சந்தையைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். காரின் குறை விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. ஆகவே அவன் விலையைக் குறைத்துக் கேட்பான். அந்த விலைக்கு நல்ல கார்க்காரன் விற்க மாட்டான். கடைசியில் சந்தையில் சொத்தைதான் மிஞ்சும். இந்திய இல்லத்தரசி கடை அரிசியில் கல் பொறுக்குவதையும் அந்தக் கட்டுரையில் அவர் உதாரணம் காட்டியிருக்கிறார்! இந்தத் தொல்லைக்கு அவர் சொன்ன மருந்துகளில் ஒன்று உத்தரவாதம். அவருக்கு 2001-ல் நோபல் பரிசு கிடைத்தது. அதே வருஷத்தில் இங்கே மாருதி கம்பெனியார் 'ட்ரூ வேல்யூ' என்ற பெயரில், சோதித்த பழைய கார்களை உத்தரவாதத்துடன் விற்கத் தொடங்கினார்கள்.

இங்கேதான் எனக்கு விஷயம் துலங்கிற்று. விற்பவர் தம் கைப்பணத்தைப் பணயம் வைத்துத் தரும் உத்தரவாதம், வண்டியைப் பற்றி நமக்கு ஒரு சேதி சொல்லுகிறது. சொத்தை வண்டிக்கு அதைத் தர யாரும் துணிய மாட்டார்கள். ஆனால் நம்மிடமே தனியாகக் காசு வாங்கிக்கொண்டு, வண்டியைக் கண்ணாலும் பாராத இன்னொரு கம்பெனி தரும் பத்திரம் இன்ஷூரன்ஸைப் போன்றது. பத்துப் பேரிடம் வாங்கி இரண்டு பேருக்குக் கொடுத்து, தன் செலவையும் லாபத்தையும் எடுத்துக்கொள்ளும். பத்துப் பேரையும் சேர்த்துப் பார்த்தால் கட்டியதைவிடக் குறைவாகத்தான் திரும்பி வரும்.

அதனால் அது வீண் என்று சொல்லிவிடலாமா? என் மைத்துனர் வாங்கிய பழைய காரில் தானியங்கி கியர் எட்டாம் மாதம் கெட்டது. 80,000 ரூபாய்ச் செலவைப் பத்திரம்தான் ஏற்றது. சம்பளத்தில் வாழும் மனுஷர். அது இல்லாவிட்டால் பெண்ணின் கல்லூரிப் பணத்தில் கை வைத்திருப்பார். ஒரே அடியைத் தாங்க முடியாதவருக்கு, மின்னணுச் சாமான் நிறைந்த வண்டிக்கு, பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்கும் பத்திரம் பிரயோஜனமானதே. கம்பெனி ஏமாற்றினால் வழியும் உண்டு. 1986-ல் நுகர்வோர் சட்டம் வந்தது. சொந்த உழைப்பில் பிழைப்புக்காக வண்டி ஓட்டுகிறவரும் நுகர்வோரே என்று 1993-ஆம் வருஷத்துத் திருத்தம் தெளிவாக்கிற்று. 2019-ஆம் வருஷத்துச் சட்டத்திலும் அது இருக்கிறது. ஜீப்காரருக்கும் அந்தக் கதவு திறந்தே இருக்கிறது.

ஆனால் தேய்மானத்துக்கு என்ன செய்வது? அன்றிரவு என் காரைக் கட்டியிழுத்துப் பட்டறையில் சேர்த்த போடி மேஸ்திரி அதற்குப் பதில் வைத்திருந்தார். மறுநாள் மாலை கிளட்சை மாற்றியதோடு, நான் கேட்காமலே பிரேக்கையும் பார்த்திருந்தார். என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, நாலாவது வளைவு வரை தாமே ஓட்டிப் போய்த் திரும்பி இறங்கினார்.

"நானே ஓட்டிப் பார்த்துக்கொள்ள மாட்டேனா, மேஸ்திரி?" என்றேன்.

"தோட்டத்து ஜீப்புக்கும் இப்படித்தான் சார். பத்துப் பொம்பளைங்க நம்பி ஏறுறாங்க. பிரேக் பார்த்த வண்டியில மொதல்ல நான் ஏறி இறங்கிருவேன். அப்புறந்தான் சாவியைக் கொடுப்பேன்."

சிநேகிதர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். வண்டியை வாங்குமுன் இப்படி ஒருவரிடம் ஐந்நூறோ ஆயிரமோ கொடுத்துக் காட்டியிருக்கலாம் என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம்.

பத்திரத்தைப் புதுப்பிக்கச் சொல்லிப் போன மாதம் கடிதம் வந்தது. என் கார் சாதாரணக் கியர் வண்டி. ஆகவே அந்த 12,000 ரூபாயைத் தனியாக ஒரு பாங்குக் கணக்கில் போட்டேன். மறு வாரம் போடிக்குப் போய் மேஸ்திரியிடம் வண்டியை விட்டேன்.

"வேலைக்கு உத்தரவாதம் எத்தனை நாள்?" என்று விளையாட்டாகக் கேட்டேன்.

"சத்தம் கேட்டா வாங்க சார். நான் இங்கனதான் இருப்பேன்" என்றார்.