தடுக்கிறேன் என்னும் சொல்

அரசரை விரட்டிக் குடியரசு கண்ட நகரம் என்று உரோமாபுரியைப் போற்றுவோர் பெரும்பாலும் அதன் செனட் அவையையும் கான்சல்களையுமே எடுத்துரைப்பர். கி.மு. 509இல் அரசாட்சி முடிந்ததாக மரபு கூறுகின்றது. அரசனின் அதிகாரம் ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்பெற்ற இரு கான்சல்களிடம் சென்றது. ஒருவர் செய்வதை மற்றவர் தடுக்கலாம். ஆண்டு முடிந்ததும் இருவரும் பதவியினின்று இறங்கிவிட வேண்டும். ஏற்பாடு நல்லதே. ஆயினும் அப்பதவி பெட்ரீசியர் எனப்பட்ட உயர்குடியினரின் உடைமையாகவே கருதப்பட்டது. போர்க்களம் சென்று மீண்டபின் கடனுக்காகக் கட்டுண்டு உழைத்த பிளபியர் என்னும் பொதுமக்களுக்கு, இருவருள் எவர் ஆண்டாலென்ன?

கி.மு. 494இல் அம்மக்கள் வாளை உருவவில்லை; நகரைவிட்டு வெளியேறினர். அனியோ ஆற்றுக்கு அப்பால் உள்ள புனித மலையில் சென்று தங்கினர். அவர்களைத் திரும்ப அழைக்கச் சென்ற மெனேனியஸ் அக்ரிப்பா, வயிற்றோடு பிணங்கிய கைகால்கள் தாமே மெலிந்த கதையைச் சொல்லி மனத்தை மாற்றினார் என லிவி எழுதியுள்ளார். கதை அழகியது, அதனாலேயே பிற்கால நூல்கள் அதனை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டன. ஆனால், மக்கள் கதை கேட்ட மகிழ்ச்சியில் மலையிறங்கி வந்துவிடவில்லை. தமக்கெனத் தனிப் பதவியாளர் வேண்டும், அவர்மீது எவரும் கை வைக்கலாகாது என்னும் உடன்பாட்டைப் பெற்ற பின்னரே இறங்கினர். லிவியும் இதனை மறைக்கவில்லை.

அப்பதவியாளரே டிரிபியூன்கள், மக்கட் காவலர் எனலாம். முதலில் சிலராக இருந்தோர் பின்னர்ப் பதின்மர் ஆயினர். படை நடத்தும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. அவர்தம் வீட்டுக் கதவு இரவும் பகலும் திறந்திருத்தல் வேண்டும் என்பது வழக்கு. அதிகாரியால் துன்புறுத்தப்படுவோன் குரல் எழுப்பினால், டிரிபியூன் நேரே சென்று இருவருக்கும் நடுவில் நிற்பார். உரோமர் இச்செயலுக்கு இட்ட பெயருக்கும் 'இடையே வருதல்' என்பதே பொருள். 'வீட்டோ' என்னும் இலத்தீன் சொல் 'தடுக்கிறேன்' எனப் பொருள்படும் வினைமுற்று. ஒரு டிரிபியூன் தடுத்தால் செனட் தன் முடிவை நிறைவேற்ற இயலாது என்பதைக் கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் வியப்புடன் பதிவு செய்துள்ளார்.

இச்சொல்லின் வலிமையும் ஊனமும் ஒருசேர வெளிப்பட்ட ஆண்டு கி.மு. 133. செல்வர் வளைத்துக்கொண்ட பொதுநிலங்களை ஏழை உழவர்க்குப் பகிர்ந்தளிக்க டிரிபியூன் திபேரியஸ் கிராக்கஸ் சட்டம் கொணர்ந்தார். தடுத்தவர் மற்றொரு டிரிபியூனாகிய ஆக்டேவியஸ். அவரிடமும் பொதுநிலம் இருந்தது. அதனால் வரும் இழப்பைத் தம் கைப்பொருளால் ஈடுசெய்வதாகத் திபேரியஸ் கூறியும் அவர் இசையவில்லை. மக்களைக் காக்கப் பிறந்த தடை மக்களுக்கே குறுக்கே நின்றது. அவரைப் பதவிநீக்க வாக்கெடுப்பு நடந்தது. முப்பத்தைந்து குலப்பிரிவுகளுள் பதினேழு நீக்கத்திற்கு வாக்களித்தன. இன்னும் ஒன்று வேண்டும். அந்நிலையில் திபேரியஸ் வாக்கெடுப்பை நிறுத்தி, எதிராளியைத் தழுவி மன்றாடினார் என்று புளூட்டார்க் எழுதுகின்றார். ஆக்டேவியஸ் கண்கலங்கி நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், திரண்டு நின்ற செல்வர் பக்கம் நோக்கியதும், விரும்பியதைச் செய்துகொள் என்றார். வாக்கு விழுந்தது, அவர் நீக்கப்பட்டார்.

திபேரியஸ் செய்தது முறையா? மக்களின் பெயரால் மக்கட் காவலரையே அகற்றலாம் என்றால், 'கை வைக்கலாகாது' என்ற உறுதிக்கு எஞ்சும் பொருள் என்ன? செய்யாது விட்டிருந்தால் உழவர்க்கு நிலம் ஏது? உரோமர் இதற்கு விடை காணவில்லை. அவ்வாண்டே செனட் உறுப்பினர் சிலர் தம் ஆட்களுடன் பாய்ந்து, உடைந்த இருக்கைக் கால்களாலும் தடிகளாலும் திபேரியஸையும் ஏறத்தாழ முந்நூறு பேரையும் அடித்துக் கொன்றனர். உடல்கள் தைபர் ஆற்றில் எறியப்பட்டன.

அதன்பின் சுல்லா இப்பதவியை முடமாக்கினார், கி.மு. 70இல் அது மீட்கப்பட்டது. கி.மு. 49இல் டிரிபியூன்களின் உரிமையைக் காப்பதாகச் சொல்லியே சீசர் படையுடன் ரூபிகன் ஆற்றைக் கடந்தார். இறுதி அடியை அடித்தவர் அகஸ்டஸ். உயர்குடியினர் ஆதலின் டிரிபியூன் ஆக அவரால் இயலாது. எனவே கி.மு. 23இல் பதவியை விடுத்து, அதன் அதிகாரத்தை மட்டும் வாழ்நாள் முழுமைக்கும் பெற்றார். அரசன், சர்வாதிகாரி என்னும் பெயர்களை ஏற்காமலே அனைவர்க்கும் மேலாக நிற்க அவர் கண்டெடுத்த பெயர் அது என டாசிடஸ் கூர்மையாகச் சுட்டுகின்றார். பேரரசர்களின் நாணயங்களில் ஆட்சியாண்டுகள் இவ்வதிகாரத்தின் பெயராலேயே எண்ணப்பட்டன.

பிற்காலச் சிந்தனையாளர் இவ்வரலாற்றிலிருந்து எடுத்துக்கொண்டவை வெவ்வேறு. 1531இல் வெளிவந்த உரைகளில் மாக்கியவெல்லி, செனட்டும் மக்களும் பிணங்கியதாலேயே உரோம் உரிமையோடு வாழ்ந்தது என்றார். பூசலைக் கேடு என்றே பேசிவந்த உலகில் அது துணிச்சலான கருத்து. 1762இல் ரூசோ 'சமுதாய ஒப்பந்தம்' நூலில் இப்பதவிக்குத் தனி இயலே வகுத்தார். எதையும் செய்ய இயலாமையே அதற்கு எதையும் தடுக்கும் தகுதியைத் தருகின்றது என்பது அவர் கொள்கை. அதிகாரத்தைத் தானே கைப்பற்றினால் அது கொடுங்கோன்மையாகும் என்றும் எச்சரித்தார். அகஸ்டஸை அறிந்தவரன்றோ!

ஆயினும், நடைமுறையில் சொல் இடம்பெயர்ந்தது. 1787இல் வரையப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பு சட்ட முன்வரைவைத் திருப்பியனுப்பும் உரிமையைக் குடியரசுத் தலைவர்க்கு அளித்தது. இரு அவைகளிலும் மூன்றில் இரு பங்கினர் அதனை மீறலாம். 1791இல் பிரான்சு அவ்வுரிமையை மன்னன் பதினாறாம் லூயிக்கே வழங்கியது. 'திருவாளர் வீட்டோ' என்று தெருக்கள் அவனை எள்ளின. நெப்போலியன் காலத்தில் டிரிபியூன் அவை என்ற பெயரிலேயே ஓர் அவை எழுந்தது. நூறு உறுப்பினர் விவாதிக்கலாம், வாக்களிக்க இயலாது. 1807இல் அதுவும் கலைக்கப்பட்டது.

1945இல் இயன்ற ஐக்கிய நாடுகள் சாசனத்தின் 27ஆம் பிரிவு, பாதுகாப்பு அவை முடிவெடுக்க நிரந்தர உறுப்பினரின் இசைவு வேண்டும் என்கின்றது. அந்நாடுகள் ஐந்து. 'வீட்டோ' என்னும் சொல் அச்சாசனத்தில் எங்கும் இல்லை.