துணிவு எப்போது துடுக்காகிறது?

“என்ன துணிவு உனக்கு?” இக்கேள்வியை வியந்தும் கேட்கலாம், கண்டித்தும் கேட்கலாம். சொற்கள் அவையேதான், குரல்தான் வேறு.

‘துணிதல்’ என்பதற்கு வெட்டுப்படுதல், முடிவெடுத்தல் ஆகிய பொருள்களும் உண்டு. துணிவு என்பது பயமின்மை மட்டுமல்ல. தயக்கத்தை அறுத்துவிட்டு எடுக்கும் முடிவும்தான். அந்த முடிவு நல்லதா, தீயதா என்பதை அச்சொல் காட்டுவதில்லை. அதனால்தான் செய்திகளில் ‘துணிகரக் கொள்ளை’ என்று எழுத முடிகிறது.

‘செருக்கு’ என்ற சொல்லும் இப்படித்தான். திருக்குறளின் 78ஆவது அதிகாரமான படைச்செருக்கில் அது வீரரின் பெருமிதம். 44ஆவது அதிகாரமான குற்றங்கடிதலில் அதுவே நீக்கவேண்டிய குற்றம்.

அப்படியானால் இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? சிலப்பதிகாரத்தில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. கணவனை இழந்த கண்ணகி, பாண்டியனின் அவைக்குத் தனியாகச் சென்று, அரசனின் தீர்ப்பே பிழை என்று முகத்துக்கு நேரே சொல்கிறாள். அரசவை முறைப்படி பார்த்தால் அது பெருந்துடுக்கு. ஆனால் அவள் கையில் மற்றச் சிலம்பு இருந்தது. அரசியின் சிலம்பில் இருந்தவை முத்துகள்; கண்ணகியின் சிலம்பை உடைத்தபோது தெறித்தவை மாணிக்கங்கள். கோவலன் கள்வன் அல்லன் என்பது அவையறிய உறுதியாயிற்று.

இன்றும் கிழக்கிலங்கையில் வைகாசிச் சடங்கின்போது கண்ணகி வழிபடப்படுகிறாள். சிங்கள மக்கள் அவளைப் பத்தினித் தெய்வமாகப் போற்றுகின்றனர். அதிகாரத்தை எதிர்த்துக் கேள்வி கேட்ட ஒரு பெண்ணை இரு சமூகங்களும் தெய்வமாக ஏற்றிருக்கின்றன.

ஆனால் நம் வீட்டிலோ, பாடசாலையிலோ, அலுவலகத்திலோ ஒரு பெண் கேள்வி கேட்டால், “வாய் காட்டாதே” என்கிறோம். அதையே ஓர் ஆண் கேட்டால் ‘நேர்மையானவன்’ என்கிறோம்.

துணிந்தவர் தன் இழப்பைத் தானே ஏற்கிறார். கையில் சான்று வைத்திருக்கிறார். தன்னிலும் வலியவரிடம் பேசுகிறார். துடுக்கர் பிறருக்கே இழப்பை உண்டாக்குகிறார். பெரும்பாலும் எளியவரிடமே அதைக் காட்டுகிறார்.

பாண்டியன் தவறிழைத்தவன்தான். ஆயினும் கண்ணகியை வெளியே தள்ளச் சொல்லாமல், அந்தச் சிலம்பைக் கொண்டுவரச் சொன்னான். எதிர்த்துப் பேசுபவரைத் திமிர் பிடித்தவர் என்று முடிவுகட்டுமுன், அவர் கையில் இருப்பதை ஒருமுறை பார்ப்பதே நியாயம்.