ஆண்டிபட்டி விட்டுத்தந்த இருக்கை

ஆண்டிபட்டி என்றதும் பெரிய பெயர்களே நம் நினைவுக்கு வருகின்றன. 1984-இல் அமெரிக்க மருத்துவமனையில் இருந்தபடியே அங்கு வென்றவர் எம்.ஜி.ஆர். 2002 இடைத்தேர்தலில் வென்றவர் ஜெயலலிதா. அந்த இடைத்தேர்தலுக்காக இடத்தைக் காலி செய்தவரைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

2001 பொதுத்தேர்தலில் ஜெயலலிதாவின் நான்கு வேட்புமனுக்களும் தள்ளுபடியாயின. ஆண்டிபட்டியில் அவருக்குப் பதிலாக நின்று வென்றார் தங்க தமிழ்ச்செல்வன். அதே தேர்தலில் பெரியகுளத்தில் வென்றவர், முன்பு அந்நகராட்சித் தலைவராயிருந்த ஓ. பன்னீர்செல்வம். செப்டம்பரில் உச்சநீதிமன்றத் தீர்ப்பால் ஜெயலலிதா பதவியிழக்க, பன்னீர்செல்வம் முதலமைச்சரானார். சில மாத இடைவெளியில் இருவரும் கையிலிருந்ததை ஒப்படைத்தனர்: ஒருவர் சட்டமன்ற இடத்தை, மற்றவர் முதலமைச்சர் நாற்காலியை.

2002-இலேயே தமிழ்ச்செல்வன் மாநிலங்களவை உறுப்பினரானார். 2004 வரை இருந்தார். மக்கள் வாக்கால் பெற்றதை விட்டவருக்குச் சட்டமன்ற உறுப்பினர்களின் வாக்கால் கிடைத்த ஈடு அது என்றே நாம் கருதுகிறோம். ஓராண்டுக்குள் இருமுறை வாக்குச்சாவடிக்கு நடந்த ஆண்டிபட்டிக்காரர்களின் விருப்பத்தை எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

2011, 2016 தேர்தல்களில் அவர் ஆண்டிபட்டிக்கே மீண்டார். ஜெயலலிதா மறைந்தபின் பாதைகள் பிரிந்தன. தினகரன் பக்கம் நின்ற 18 பேரில் ஒருவராக 2017-இல் தகுதிநீக்கம் செய்யப்பட்டார். அப்போது பன்னீர்செல்வம் துணை முதலமைச்சர். 2019-இல் மீண்டும் ஓர் இடைத்தேர்தல். (அதில் தி.மு.க. மகாராசனும் அ.தி.மு.க. லோகிராசனும் மோதினர், இருவரும் உடன்பிறந்தவர்கள். தம்பி தோற்றார், அண்ணன் வென்றார் என்று சிரித்துவிட்டுப் போக இத்தொகுதிக்கு மட்டுமே இயலும்!)

அதே 2019-இல் தேனி மக்களவைத் தொகுதியில் தமிழ்ச்செல்வன் மூன்றாமிடம் பெற்றார். வென்றவர் பன்னீர்செல்வத்தின் மகன் ரவீந்திரநாத். பின்னர் தி.மு.க.வில் சேர்ந்தார். 2021-இல் போடிநாயக்கனூரில் பன்னீர்செல்வத்தையே எதிர்த்து நின்றார், அங்கும் தோல்வி. விசுவாசம் மாறியதை நாம் எளிதில் பழிக்கலாம். ஆனால் விசுவாசமாய் இருந்த காலத்தில் அவர் இழந்ததும் ஒரே தொகுதியை இருமுறை என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

2024-இல், கம்பம் பள்ளத்தாக்கு முதல் மதுரை மாவட்டத்துச் சோழவந்தான் வரை விரியும் தேனித் தொகுதியில் 2,78,000-க்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார். இரண்டாமிடத்தில் நின்றவர், 1999-இல் பெரியகுளத்தின் மக்களவை உறுப்பினராயிருந்த அதே தினகரன். பன்னீர்செல்வம் அத்தேர்தலில் இராமநாதபுரம் சென்று, பலாப்பழச் சின்னத்தில் சுயேச்சையாக நின்று தோற்றார்.